ராவில லைட் வச்சு அந்துப்பூச்சியையும் வண்டையும் வரவழைக்கிறது: திருகோணமலைப் பக்கத்துக்கு முழு வழிகாட்டி

முதல்ல ஒரு பிழையைச் சொல்லிட்டே தொடங்குறன், ஏனெண்டா நான் கூட்டிக்கொண்டு போன புது ஆக்களில முக்காவாசிப் பேர் இதைத்தான் செய்திருக்கிறாங்க. போயா லீவு வருது, அடுத்த நாள் வேலையும் இல்ல பள்ளிக்கூடமும் இல்ல, விடிய விடிய முழிக்கலாம் எண்டு அண்டைக்குத்தான் வெள்ளைத்துணியைக் கட்டி, அதுக்கு முன்னால லைட்டைப் போட்டு, வந்து குந்துற பூச்சியைப் பாக்க நிப்பாங்க. போயா எண்டா பௌர்ணமி. நிலா முழுசா எரிஞ்சுகொண்டு நிக்கேக்க உங்கட லைட்டை எந்தப் பூச்சியும் பெரிசா கணக்கெடுக்காது. பத்து மணி மட்டும் நுளம்புக்கடி வாங்கிட்டு "இந்தப் பல்பு சரியில்ல" எண்டு திட்டிக்கொண்டு போவாங்க. பல்பில பிழை இல்ல. நாளை முதல்ல பிடிக்கோணும், பேந்து இடம், பல்பு அதுக்குப் பிறகுதான்.

1. நாள்: கலண்டரைப் பாத்திட்டுத்தான் மிச்சம்

அமாவாசைக்கு முன்னால அஞ்சு நாள், பின்னால அஞ்சு நாள், இதுதான் நல்ல காலம். அதுக்குள்ள சனிக்கிழமை வருதா எண்டு பாருங்க.

வராட்டி தேய்பிறையைப் பிடிங்க. நிலா ஒவ்வொரு நாளும் கிட்டத்தட்ட அம்பது நிமிஷம் பிந்தி உதிக்கும், அப்ப பௌர்ணமி கழிஞ்சு அஞ்சாறு நாளில பத்து மணி மட்டும் இருட்டு உங்களுக்குக் கிடைக்கும். வளர்பிறையில இது தலைகீழ், நிலா பின்னேரமே மேல நிக்கும், நடுச்சாமத்துக்குப் பிறகு இருக்கத் தயாரான ஆக்களுக்குத்தான் அது சரிவரும்.

அடுத்தது காத்தும் ஈரமும். வைகாசியில இருந்து ஆவணி மட்டும் இங்க கச்சான் அடிக்கும், வரண்ட சூட்டுக்காத்து, துணி பாய்மரம் மாதிரி ஊதும், பூச்சியும் குறைவு. அந்த மாசங்களில காத்து விழுந்த ஒரு ராவு கிடைச்சா செய்யலாம், ஆனா பயணம் போட்டு வராதீங்க. என்னைக் கேட்டா ரெண்டு காலம்தான்: சித்திரையில பின்னேரம் இடி இடிச்சு ஒரு மழை பெய்ஞ்ச ராவு, அல்லது ஐப்பசியில முதல் மழைகள் விழுந்து மண் நனைஞ்ச கிழமை. வண்டு கனக்க மண்ணுக்குள்ள காத்துக்கொண்டு கிடக்கும், ஈரம் பட்டவுடன தான் வெளிய வரும், ஈசலும் அப்பதான். முகில் மூடி, புழுக்கமா, இலை அசையாம இருக்கிற ராவு எண்டா வேற ஒண்டும் யோசிக்காதீங்க, போங்க. கார்த்திகை மார்கழியில மழை விடாது, அதோட புயல் எச்சரிக்கையும் வாற காலம், அதால நான் அந்த நேரம் வீட்டு வராந்தாவோட நிப்பாட்டுறன்.

2. இடம்: கிட்ட இருக்கிறதுதான் வரும்

கனபேர் நினைக்கிறது நல்ல பல்பு போட்டா ரெண்டு மைலுக்கு அங்கால இருந்து பறந்து வரும் எண்டு. இல்ல. அந்துப்பூச்சியை லைட் இழுக்கிற தூரம் பெரும்பாலும் சில பத்து மீட்டர்தான். அப்ப நீங்க எந்த மரத்துக்குப் பக்கத்தில நிக்கிறீங்களோ அந்த மரத்துப் பூச்சிதான் உங்கட துணியில இருக்கும். நடு விளையாட்டு மைதானத்தில கட்டினா புல்லுப் பூச்சிதான்.

வீரை, பாலை, முதிரை நிக்கிற காட்டோரமும் கொஞ்சம் வெளியும் சந்திக்கிற இடம் நல்லம். கன்னியாப் பக்கம் அப்பிடி இருட்டான வளவுகள் இருக்கு. தம்பலகாமம் வயல் கரையில தண்ணி வண்டும் வயல் பூச்சியும் வரும், கந்தளாய்க் குளத்துப் பக்கமும் அப்பிடித்தான். உப்புவெளி நிலாவெளியில ஹோட்டல் லைட் நிறைய, உங்கட ஒரு பல்பு அதுகளோட போட்டி போட ஏலாது. தெரு லைட் தெரியிற இடமெண்டா ஒரு சுவருக்குப் பின்னால போங்க, வீட்டில எண்டா உள் லைட், கேட் லைட் எல்லாத்தையும் நூருங்க.

கடற்கரை மணலில வேண்டாம். கடலாமை முட்டையிட வாற கரைகளில லைட் போட்டா தாய் ஆமை திரும்பிப் போயிடும், குஞ்சு பொரிச்சு வந்தாலும் கடலை விட்டிட்டு லைட்டுப் பக்கம் நடக்கும்.

முதல் தரம் செய்யிற ஆக்கள் காட்டுக்குப் போகாதீங்க. சொந்த வளவு, இல்லாட்டி மாமா வீட்டுத் தோட்டம். கறண்ட் கிட்ட, கக்கூஸ் கிட்ட, பயமில்ல. அங்கேயே உங்களுக்குப் பேர் தெரியாத முப்பது நாப்பது வகை வரும்.

3. சொல்ல வேண்டிய ஆக்களுக்குச் சொல்லுங்க

காட்டோரத்தில ராவில வெள்ளைத்துணி கட்டி ஊதா வெளிச்சம் போட்டு நாலு பேர் குனிஞ்சு நிலத்தைத் தேடுறாங்க எண்டா எங்கட ஊரில ஆக்கள் நினைக்கிறது ரெண்டு: ஒண்டு பேய், மற்றது புதையல் தோண்டுறது. ரெண்டாவதுக்குப் பொலிஸ் வரும். எங்களுக்கு ஒருக்கா வந்தது. துணியில இருந்த பூச்சியைக் காட்டி விளங்கப்படுத்தி, அவையும் அரை மணித்தியாலம் நிண்டு பாத்திட்டுத்தான் போனவை, ஆனா எல்லா நாளும் அப்பிடி முடியும் எண்டு நம்பேலாது. காணிச் சொந்தக்காரர், கிராம சேவகர், பக்கத்து வீடு, இவ்வளவு பேருக்கும் பகலிலேயே சொல்லிடுங்க. துறைமுகத்தையும் நேவி முகாம்களையும் அண்டின பக்கம் யோசிக்கவே வேண்டாம்.

யானை வாற பாதை எது எண்டதையும் அந்த ஊர் ஆக்களிட்டத்தான் கேக்கோணும். மொரவெவ, கந்தளாய்ப் பக்கம் இது விளையாட்டில்ல. அவை "வேண்டாம்" எண்டு சொன்னா வேண்டாம்தான்.

பிடிச்சுக்கொண்டு போற எண்ணம் இருந்தா அதையும் இங்கேயே விட்டிடுங்க. சரணாலயம், தேசியப் பூங்காவுக்குள்ள அனுமதி இல்லாம எதுவும் எடுக்கேலாது. 2020-ல யால பூங்காவில ரெண்டு இத்தாலிக்காரர் போத்தல் போத்தலா பூச்சியோட பிடிபட்டு, 2024-ல ஆறு கோடி ரூபா தண்டம் விழுந்தது. நாங்க பாக்கிறம், படம் எடுக்கிறம், விடுறம்.

4. லைட்: எது வேலை செய்யும், எது கண்ணைக் கெடுக்கும்

பூச்சிக்குக் கண்ணில படுறது எங்களுக்குத் தெரியாத யூவி வெளிச்சமும் நீலமும்தான். மஞ்சள் பல்பு, மஞ்சள் கலந்த வெள்ளை எல்ஈடி இதுகளுக்குக் கொஞ்சம்தான் வரும், அதாலதான் உங்கட வாசல் லைட்டில ரெண்டு பல்லியை விட வேற ஒண்டும் நிக்கிறதில்ல.

மலிவான வழி இதுதான். கடைகளில ஈ கொல்லுற மெஷின் தொங்குதே, அதுக்குள்ள இருக்கிற எட்டு வாற்ஸ் பத்து வாற்ஸ் டியூப் யூவி டியூப்தான். அந்த டியூப்பை மட்டும் தனியா வாங்கி, அதே அளவு சாதாரண டியூப் பிட்டிங்கில போடுங்க. மெஷினையே கொண்டுவந்து தொங்கவிடாதீங்க, கறண்ட் கம்பியில பூச்சி பொரிஞ்சு விழுந்தா என்னத்தைப் பாக்கிறது?

யூவி எல்ஈடி எண்டா பெட்டியில 365 நானோமீட்டர் எண்டு போட்டிருக்கோணும். காசு நோட்டுப் பாக்கிற சின்ன டோர்ச் பெரும்பாலும் 395, எங்கட கண்ணுக்கு ஊதாவா நல்லாத் தெரியும், பூச்சிக்கு அவ்வளவு இல்ல. பத்து வாற்ஸ் எல்ஈடிக்கு 20,000 மில்லி ஆம்பியர் பவர் பேங்க் ஒண்டு சராசரியா ஆறு மணித்தியாலம் தாங்கும், ஒரு ராவுக்கு அது காணும். கறண்ட் இல்லாத இடத்துக்கு இதை விட நல்லது எனக்குத் தெரியாது, ஜெனரேட்டர் சத்தத்துக்குள்ள நிண்டு பூச்சி பாக்கிறது ஒரு வாழ்க்கையே இல்ல.

மேர்க்குரி பல்பு கிடைச்சா அது ராஜா. 160 வாற்ஸில நேர ஹோல்டரில போடுற வகை இருக்கு, 125 வாற்ஸ் வகைக்குச் சோக் வேணும், சோக் இல்லாம போட்டா அதோட சரி. பல்பு பயங்கரமாச் சுடும், ஒரு துளி மழை விழுந்தாலே வெடிக்கும். நூந்தா ஆறும் மட்டும் திரும்ப எரியாது, அதைப் பழுது எண்டு நினைச்சுக் கழட்டப் போய்க் கை சுட்ட ஆக்களை எனக்குத் தெரியும். வெளிக் கண்ணாடி உடைஞ்ச பல்பு எரிஞ்சாலும் பாவிக்கக் கூடாது, உள்ளுக்க இருந்து வாற கதிர் கண்ணையும் தோலையும் சுடும்.

இப்ப முக்கியமானது. கொரோனா நேரம் கிருமி கொல்ல எண்டு வித்த நீல வெளிச்ச டியூப் இன்னும் கடைகளில கிடக்கு. ஒரு பெடியன் "அண்ணா யூவி மலிவா எடுத்திட்டன்" எண்டு சந்தோஷமா அதைத்தான் கொண்டுவந்தான், பெட்டியைப் பாத்தவுடன நான் வாங்கித் திரும்ப பைக்குள்ள வச்சிட்டன். அது யூவி-சி. அதுக்கு முன்னால கொஞ்ச நேரம் நிண்டாலே கண்ணுக்குள்ள மணல் கொட்டின மாதிரி எரியும், தோல் சிவக்கும். நாங்க பாவிக்கிறது யூவி-ஏ, அதையும் உத்துப் பாத்துக்கொண்டு நிக்கப்படாது.

5. துணி: பகலில, லைட்டுக்கு முதல்

வெளிச்சம் இருக்கேக்க, அஞ்சரைக்கெல்லாம் துணி கட்டி முடிஞ்சிருக்கோணும். இருட்டின பிறகு டோர்ச்சைப் பல்லால கடிச்சுக்கொண்டு கயிறு கட்டிப் பாருங்க, அப்ப விளங்கும்.

பருத்தித் துணி, வெள்ளை. பொலியெஸ்டர் வழுக்கும், பூச்சிக்குக் கால் பிடிக்காது. என்ட துணி அப்பாட பழைய எட்டு முழ வேட்டி, கரை போட்டிருக்கிறது பிரச்சினை இல்ல. சலவைப் பவுடர் போட்டுத் தோய்ச்ச வெள்ளைத்துணி யூவியில பளிச்செண்டு ஒளிரும், பவுடரில இருக்கிற வெண்மையாக்கிதான் காரணம், அது எங்களுக்கு நல்லம்.

ரெண்டு மரத்துக்கு நடுவில கயிறை இறுக்கிக் கட்டி, துணியைத் தொங்கவிட்டு, நாலு மூலையையும் இழுத்துக் கட்டுங்க. தொளதொள எண்டு விட்டா சின்னக் காத்துக்கே துணி அடிபட்டு இருக்கிற பூச்சியையும் உதறி விட்டிடும். காத்து வாற பக்கத்துக்குத் துணியின்ட முதுகு இருக்கோணும், லைட் மற்றப் பக்கம், ஏனெண்டா பூச்சி ஒதுக்கான பக்கத்திலதான் இறங்கும்.

கீழ இன்னொரு துணி விரிங்க. இதைத்தான் எல்லாரும் மறக்கிறது. வண்டு அந்துப்பூச்சி மாதிரி மெல்ல வந்து குந்தாது, கல் எறிஞ்ச மாதிரி டொக்கெண்டு துணியில அடிச்சு நேர கீழ விழும், புல்லுக்குள்ள விழுந்தா போனதுதான். கீழ்த் துணியில நாலஞ்சு முட்டை அட்டையைக் கவிட்டு வையுங்க, ஒளிக்கத் தேடுற பூச்சியெல்லாம் அந்தக் குழிகளுக்குள்ள போயிருக்கும்.

விரிக்க முதல் எறும்புப் புத்து, முசுறு கூடு இருக்கா பாருங்க. இல்லாட்டி நீங்க வைக்கிறது எறும்புக்கு விருந்து.

6. லைட்டை எங்க தொங்க விடுறது

உங்கட நெஞ்சு உயரம். டியூப், எல்ஈடி எண்டா துணியில இருந்து ஒரு சாண் தள்ளி, மேர்க்குரி எண்டா ரெண்டடிக்குக் குறையாம, துணி கருகிடும். லைட்டை நிலத்தில வச்சு மேல பாக்க விடாதீங்க.

அதுக்கு ஒரு காரணம் இருக்கு. 2024-ல வெளிவந்த ஒரு ஆய்வில வேகமாப் படம் பிடிக்கிற கமராவால பாத்து, பறக்கிற பூச்சி முதுகை வெளிச்சப் பக்கம் திருப்புது எண்டு காட்டினாங்க. ராவில எப்பவும் வானம்தானே கொஞ்சம் வெளிச்சம், முதுகு அங்க இருந்தா தான் நிமிந்து பறக்கிறன் எண்டு அதுக்குக் கணக்கு. பக்கத்தில பல்பு வந்தவுடன முதுகை அங்க சரிக்கும், சரிக்கச் சரிக்கச் சுத்தும். லைட் கீழ இருந்தா தலைகீழாப் பிரண்டு விழும். அப்ப பூச்சி பல்பை நோக்கி வருது எண்டதை விட பல்படியில மாட்டுப்படுது எண்டதுதான் சரி, அதாலதான் குந்த இடம் குடுக்கோணும், துணியைச் சுத்திப் பத்தடிக்குள்ள இருக்கிற மரத்தண்டு, இலைக்கு அடி எல்லாம் தேடோணும். பெரிய அந்து கனக்க துணிக்கே வராது, பின்னால மரத்தில ஒட்டிக்கொண்டிருக்கும்.

எக்ஸ்டென்ஷன் வயர் ட்ரிப் சுவிட்ச் இருக்கிற பிளக்கில இருந்து வரோணும், மூட்டு நிலத்தில கிடக்கக் கூடாது, ஒரு தடியில கட்டித் தூக்குங்க. மழை தூறினா முதல்ல கறண்ட், பிறகு துணி. 230 வோல்ற் ஈரத்தோட பகிடி விடாது.

7. உடுப்பும் காதும்

முழுக்கைச் சேட், நீளக் களிசான், சப்பாத்து. சாறத்தோட செருப்போட வராதீங்க, சுருட்டையும் புடையனும் இருக்கிற மண் இது, துணிக்குக் கீழ தேரை வந்து குந்தும், தேரைக்குப் பின்னால பாம்பு வரும். கால் வைக்க முதல் டோர்ச் அடிங்க.

தலையில கட்டுற டோர்ச் வேண்டாம், கையில பிடிங்க. நான் தலை டோர்ச்சோட துணிக்குக் கிட்டக் குனிஞ்சு நிண்ட ராவு ஒரு சின்ன வண்டு நேர என்ட காதுக்குள்ள போயிட்டுது. உள்ளுக்க அது நடக்கிற சத்தம் ஆரோ தகரக் கூரையில ஓடுற மாதிரிக் கேக்கும், அந்த நேரம் வேற யோசனை ஒண்டும் வராது. தீக்குச்சி, ஊசி எண்டு விட்டுக் கிண்டாதீங்க, உள்ளுக்கத்தான் தள்ளும். எனக்குத் தேங்காயெண்ணெய் ரெண்டு துளி விட்டுச் சரிச்சுப் படுக்க அடங்கிச்சு, விடிய ஆஸ்பத்திரியில எடுத்தாங்க. காதில முந்தியே ஓட்டை, சீழ் இருந்தா எண்ணெயும் விடாம நேர ஆஸ்பத்திரிக்குப் போங்க. இப்ப நான் பஞ்சு வச்சிட்டுத்தான் நிக்கிறது.

8. தொடக் கூடாதது

ஒரு பூச்சியை மட்டும் வடிவாப் பழகி வையுங்க. அரிசி மணியை விடக் கொஞ்சம் நீளம், மெல்லிசு, எறும்பு மாதிரி ஓடும். தலை கறுப்பு, கழுத்து செம்மஞ்சள், நடுவில நீலங்கலந்த சின்னச் செட்டை, பிறகு திரும்பச் செம்மஞ்சள், வால் நுனி கறுப்பு. கிட்டப் போனா வாலைத் தேள் மாதிரித் தூக்கும். கொட்டாது. ஆனா தோலில வச்சு நசிச்சா உள்ளுக்க இருக்கிற நஞ்சு பட்டு, அண்டைக்கு ஒண்டும் தெரியாது, ஒண்டு ரெண்டு நாளில கோடு இழுத்த மாதிரிச் சிவந்து கொப்பளிக்கும். வயல் பக்கம் இது கனக்க. கழுத்தில ஏதும் ஊர்ந்தா அடிக்காதீங்க, ஊதி விடுங்க. நசிபட்டா உடன சவர்க்காரம் போட்டுக் கழுவுங்க, அந்தக் கையால கண்ணைக் கசக்காதீங்க.

குளத்துப் பக்கம் கைவிரல் நீளத்துக்கு மண்ணிறத்தில பெரிய தண்ணிப் பூச்சி வரும், அதின்ட குத்து நல்லா உளையும். மயிர் அடர்ந்த அந்துகளைத் தடவாதீங்க, சிலதின்ட மயிர் அரிக்கும். மற்றபடி பயப்பட ஒண்டும் இல்ல, காண்டாமிருக வண்டைக் கையில விட்டாலும் அது தள்ளிக்கொண்டு நடக்கும், அவ்வளவுதான். தென்னை வச்சிருக்கிற ஆக்களுக்கு மட்டும் அதைக் கண்டா முகம் மாறும்.

9. நேரம்: ஏழு மணிக்கு வந்து எட்டு மணிக்குப் போற ஆக்களுக்கு

ஆறு மணிக்கு, முழுசா இருட்ட முதல் லைட்டைப் போடுங்க, கருக்கலில பறக்கிற வண்டுகளுக்கு அந்த அரை மணித்தியாலம்தான். ஏழிலிருந்து எட்டரை மட்டும் ஈசலும் சின்னப் பூச்சியும் மொய்க்கும். ஒன்பதுக்கு ஒரு தொய்வு வரும், அப்பதான் புது ஆக்கள் எழும்பி வீட்ட போறது. தேத்தண்ணியை அந்த நேரத்துக்கு வச்சிருங்க. பெரிய அந்துகளை நான் பத்துக்குப் பிறகுதான் கூடக் கண்டிருக்கிறன்.

முதல் தரம் அரளி அந்து ஒண்டு வந்தது பதினொண்டரைக்கு. பச்சையில ரோசாக் கலந்து, மார்பிள் மாதிரிக் கோடு ஓடின செட்டை. வந்து குந்திச்சு, அசையேல்ல. அரை மணித்தியாலம் கழிச்சு உடம்பு நடுங்கத் தொடங்கிச்சு, ஒரு பெடியன் "சாகப்போகுது" எண்டான். சாகேல்ல, பறக்க முதல் தசையைச் சூடாக்கிறது அது. நடுங்குறதைக் கண்டா கமராவைத் தூக்குங்க, ஒரு நிமிஷம் கூடக் கிடைக்காது.

பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா ஒரு சுத்து, மிச்ச நேரம் எட்ட இருங்க. எல்லாரும் துணியை மறைச்சுக்கொண்டு நிண்டா பூச்சி உங்கட சேட்டிலதான் குந்தும்.

10. படம்

யூவி வெளிச்சத்தில எடுத்தா எல்லாம் ஊதா, டியூப் எண்டா போன் படத்தில வரி வரியாவும் விழும். வேற வெள்ளை டோர்ச் ஒண்டைப் பக்கத்தில இருந்து பிடிச்சு, முன்னால ஒரு ரிசூ போட்டு வெளிச்சத்தை மெதுவாக்குங்க. வெள்ளைத்துணிக்குக் கமரா ஏமாந்து பூச்சியைக் கறுப்பாக்கும், அதால வெளிச்ச அளவை ஒரு படி கூட்டுங்க. நேர மேல இருந்து ஒண்டு, பக்கவாட்டில ஒண்டு, அளவுக்கு அடிமட்டம் வச்சு ஒண்டு. நேரத்தையும் இடத்தையும் அப்பவே எழுதுங்க, விடிய ஞாபகம் இருக்காது. பேர் தேட ஐநேச்சுரலிஸ்ட் (iNaturalist) எண்ட இணையத்தளத்தில படத்தைப் போட்டா காணும்.

11. முடிக்கிறது

லைட்டை விடிய விடிய எரிய விட்டிட்டுப் படுக்காதீங்க. விடியக் காலையில காகமும் மைனாவும் புலுனியும் வந்து துணியைத் தட்டில வச்ச சாப்பாடு மாதிரிக் கொத்தும், ஒரு நாளில பழகிட்டா அடுத்த தரமும் வரும். ஒரு மணி, ரெண்டு மணிக்கு நூத்திட்டு அரை மணித்தியாலம் சும்மா இருங்க, அரைவாசி தானாப் போயிடும். மிச்சத்தை முட்டை அட்டையோட தூக்கிப் பத்தைக்குள்ள கவிட்டு விடுங்க. துணியை ரெண்டு பேர் பிடிச்சு மெல்ல உதறோணும், சுருட்டி அப்பிடியே பைக்குள்ள அடையாதீங்க. ஒரே இடத்தில அடுத்தடுத்த ராவு வைக்காதீங்க, அதுகளுக்கும் சோடி தேட, முட்டையிட நேரம் வேணும்.

வீட்டுக்குள்ள போக முதல் கொலர், முடி, களிசான் மடிப்பு எல்லாம் தட்டுங்க. துணி வாளிக்குள்ள, தண்ணியும் சவர்க்காரமும் போட்டு. நான் ஒருக்கா அலுப்பில கட்டில் பெட்ஷீட்டைக் கொண்டு போய்க் கட்டி, உதறிட்டன்தானே எண்டு அதையே திரும்ப விரிச்சுப் படுத்தனான். மூண்டாம் நாள் முதுகில கொப்பளம். பூச்சிக்கு ஒரு துணி, கட்டிலுக்கு ஒரு துணி.